பெங்களூரு ஏரிகளில் நீர்க்காகம் எண்ணுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நீர்க்காகத்தை எண்ணுவதற்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்டுக்கொண்டு இந்த ஊரில் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு அலுவலகத்தில் “இது எங்கள் ஏரி இல்லை” என்றார்கள். அவர்கள் கைகாட்டிய இடத்தில் “ஏரி எங்களுடையதுதான், பறவை எங்களுடையது இல்லை” என்றார்கள். கடைசியில் பார்த்தால், நான் செய்ய நினைத்த வேலைக்கு அந்தக் காகிதங்களில் பாதி தேவையே இல்லை.

இதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் நடக்கும் கரையில் நின்று எண்ணும் வரை ஆவண வேலை மிகவும் குறைவு. படகு, தீவு, சரணாலயம், பறவையைக் கையில் பிடிப்பது என்று கரையைவிட்டு நகர நகர ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் சேரும். அதனால் கரையிலிருந்தே செய்து முடிக்கக்கூடிய வேலையாகத் தொடங்குங்கள். உருப்படியான ஆய்வுக்கு அது போதும்.

1. கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

“பெங்களூருவில் எத்தனை நீர்க்காகங்கள் இருக்கின்றன?” என்ற கேள்வியோடு இறங்காதீர்கள். ஒரு ஆளால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தப் பறவைகள் காலையில் ஒரு ஏரியில் மீன் பிடித்துவிட்டு மாலையில் இன்னொரு ஏரித் தீவில் அடையும். ஏரி ஏரியாகப் போய் எண்ணிக் கூட்டினால் ஒரே பறவையை இரண்டு மூன்று தடவை எண்ணியிருப்பீர்கள்.

பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். இந்த ஏரியில் மாதத்துக்கு மாதம் எண்ணிக்கை எப்படி மாறுகிறது? மூன்று இனங்களும் என்ன விகிதத்தில் வருகின்றன? ஆகாயத்தாமரை மூடிய பிறகு வரத்து குறைகிறதா? அந்தியில் இந்தத் தீவில் எத்தனை அடைகின்றன? இவற்றில் ஒன்றை எடுங்கள். ஒரு ஏரி, குறைந்தது ஒரு முழு ஆண்டு. கல்லூரி பிராஜெக்ட்டுக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிப்பது நல்லது. மழையில் நிரம்பிய ஏரியும் அதில் வந்துவிடும், கூடு கட்டும் காலமும் வந்துவிடும்.

2. இனம் பிரிக்கப் பழகுங்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். அந்த மாதத்து எண்ணிக்கையை ஆய்வில் சேர்க்க வேண்டாம், பழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வருபவை மூன்று. சிறிய நீர்க்காகம், கொண்டை நீர்க்காகம், பெரிய நீர்க்காகம். தூரத்தில் மூன்றும் கறுப்புத்தான். அளவை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். பக்கத்தில் ஒப்பிட வேறு பறவை இல்லாமல் தனியாக ஒரு கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகம் எவ்வளவு பெரியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அலகையும் தலையையும் பாருங்கள். சிறியதுக்கு அலகு குட்டையாக, கொஞ்சம் தடித்து இருக்கும். நெற்றி சட்டென்று எழும்பும். மொத்த நீளம் அரை மீட்டர் அளவுதான். கொண்டை நீர்க்காகத்துக்கு அலகு நீளமாக, ஒல்லியாக, நுனியில் கொக்கியோடு இருக்கும். கண் நீலப் பச்சை. காலை வெயில் சரியாக விழுந்தால் அந்தக் கண்ணை நல்ல பைனாகுலரில் பார்த்துவிடலாம், பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. முதுகு இறகுகள் செதில் செதிலாகத் தெரியும். பெரிய நீர்க்காகம் கனமான உடம்பு, தடித்த அலகு, அலகடியில் மஞ்சள் தோல், அதை ஒட்டி வெள்ளைப் பட்டை. இனப்பெருக்கக் காலத்தில் தொடையில் வெள்ளைத் திட்டு ஒன்று வரும், பறக்கும்போதுகூட அது தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், இளம் பறவைகளிலும் இனப்பெருக்கம் இல்லாத காலத்துப் பறவைகளிலும். சிறியதும் கொண்டையும் பழுப்பாக, தொண்டை வெளுத்து, ஒன்றுபோலவே இருக்கும். அப்போது அலகு ஒன்றுதான் கைகொடுக்கும். பக்கத்தில் நாமக்கோழியோ புள்ளிமூக்கு வாத்தோ இருந்தால் அளவையும் ஒத்துப் பார்க்கலாம். அப்படியும் தெரியவில்லையா, “இனம் பிரிக்க முடியாத நீர்க்காகம்” என்று ஒரு கட்டம் வைத்து அதில் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும் படிவத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

நாலாவதாக ஒன்று வந்து குழப்பும்: பாம்புத்தாரா. உடம்பு நீருக்குள், கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே. நீர்க்காகமும் சில நேரம் உடம்பைத் தாழ்த்தி நீந்தும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பாம்புத்தாராவின் அலகு நேரான ஈட்டி, கொக்கி இருக்காது. முதுகில் வெள்ளிக் கோடுகள். இதைத் தனிக் கட்டத்தில் எண்ணுங்கள்.

இறகை விரித்து உலர்த்திக்கொண்டு நிற்கும் பறவையில்தான் பழகுவது சுலபம். நனைந்த இறகு காய வேண்டும் என்பதால் அவ்வளவு சீக்கிரம் நகராது. நடுப்பகல் வெயிலில் தொண்டைத் தோல் படபடவென்று துடிப்பதைக்கூடப் பார்க்கலாம். சூட்டைத் தணிக்கும் வேலை அது.

3. ஏரியைத் தேர்ந்தெடுப்பது

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே சிறந்த ஏரி. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிப் போக வேண்டிய ஏரிக்கு ஒரு வருஷம் தவறாமல் போவேன் என்று இப்போது உற்சாகமாகச் சொல்வீர்கள், மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

நீர்க்காகத்துக்கு மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: மீன் உள்ள திறந்த நீர், உட்கார்ந்து காய மொட்டை மரமோ கம்பமோ, நாய் மனிதர் அண்டாத தீவு. நம் ஆட்கள் நிறையப் பேருக்குப் பழக்கமான அல்சூர் ஏரியில் தீவுகள் உண்டு. ஹலசூரு மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ஆட்டோ கூட வேண்டாம். வள்ளுவர் சிலைப் பக்கம் வந்து கரையைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை, ஏரியை ஒட்டி ராணுவப் பகுதி இருக்கிறது. அந்தப் பக்கம் நீண்ட லென்ஸையும் டெலஸ்கோப்பையும் திருப்பாதீர்கள். கேள்வி வரும், பதில் சொல்லியே அந்தக் காலை போய்விடும். ஹெப்பால், மடிவாளா ஏரிகளிலும் தீவுகள் உண்டு. ஜக்கூர் ஏரிக்குச் சுத்திகரித்த கழிவுநீர் வந்து சேர்வதால் கோடையிலும் நீர் நிற்கும். மாதாமாதம் எண்ணுகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம்.

புட்டேனஹள்ளி என்று யாராவது சொன்னால் எந்தப் புட்டேனஹள்ளி என்று கேளுங்கள். ஜே.பி. நகரில் ஒன்று, யலஹங்காவில் ஒன்று. யலஹங்காவில் இருப்பது 2015-இல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, வனத்துறையின் கையில் இருக்கிறது. இரண்டுக்கும் விதிமுறை வேறு வேறு. பழைய கணக்கெடுப்புப் பட்டியல்களைப் புரட்டும்போதும் இந்தக் குழப்பம் வரும்.

4. ஆவணங்கள்

மேலே சொன்ன அலைச்சல் முழுக்க இந்தப் பகுதியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏரி வாசலில் ஒரு பலகை இருக்கும். பராமரிப்பது யார் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் ஏரிகள் ஒரே துறையிடம் இல்லை. லால்பாக் தோட்டக்கலைத் துறையிடம் இருக்கிறது, சில ஏரிகள் வனத்துறையிடம், பெரும்பாலானவை மாநகராட்சியிடம். அந்த மாநகராட்சியும் 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்து, அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம் வந்துவிட்டது. பலகையில் இன்னும் பிபிஎம்பி (பழைய மாநகராட்சியின் சுருக்கப் பெயர்) என்றே இருந்தால், அந்த ஏரி இப்போது எந்த மாநகராட்சியின் எல்லையில் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். பழைய முகவரிக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் வராது.

கரையில் நின்று எண்ண: நடைப்பயிற்சிக்குத் திறந்திருக்கும் ஏரி என்றால், திறந்திருக்கும் நேரத்தில் பைனாகுலரோடு நிற்பதற்குத் தனி அனுமதி தேவைப்பட்டதில்லை. ஆனாலும் ஒரு தகவல் கடிதம் கொடுத்து வைப்பது நல்லது. மாதாமாதம் ஒரே இடத்தில் நோட்டும் கையுமாக நிற்பவரைப் பார்த்துக் காவலாளி கேட்கத்தான் செய்வார். கடிதம் ஒரே பக்கம் இருக்கட்டும். யார் நீங்கள், எந்த ஏரி, எந்தெந்தத் தேதிகள், எங்கே நிற்பீர்கள், நீரிலோ தீவிலோ இறங்க மாட்டீர்கள், முடிவில் அறிக்கை தருவீர்கள். கூடவே ஆதார் நகல், மாணவர் என்றால் துறைத் தலைவரின் கடிதம், நிற்கும் இடங்களைக் குறித்த ஏரி வரைபடம். கன்னடத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் கன்னடம் தெரிந்த நண்பரைப் பிடியுங்கள்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு சீலும் இன்வர்ட் எண்ணும் வாங்காமல் வெளியே வராதீர்கள். சீல் வைத்த அந்தப் பிரதியை லேமினேட் செய்து பையில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பதில் கடிதம் வர வாரக் கணக்கில் ஆகலாம். தகவல் கடிதம்தானே, பதிலுக்காக வேலையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

நேரம் தவறி உள்ளே இருக்க: இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். பல ஏரிப் பூங்காக்கள் நடுப்பகலில் பூட்டி மாலையில் திறப்பார்கள், இருட்டுவதற்குள் விசில் அடித்து எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள். அந்தி எண்ணிக்கைக்கு நீங்கள் இருட்டும் வரை நிற்க வேண்டும். இதற்கு எழுத்தில் அனுமதி கேளுங்கள், தேதிகளையும் நேரத்தையும் குறிப்பிட்டு. அது கையில் வரும் வரை ஏரிக்கு வெளியே சாலையிலிருந்து தீவு தெரியும் இடம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரணாலயமும் காப்பகமும்: யலஹங்காப் புட்டேனஹள்ளிக்கும், ஒப்பீட்டுக்காக ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கும் போக நினைத்தால் கதை வேறு. சுற்றுலாப் பயணியாகச் சீட்டு வாங்கிப் போய்ப் பார்ப்பது ஒன்று, ஆய்வு என்று சொல்லிப் போவது வேறு. சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 28-ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். தனி ஆளாக விண்ணப்பிப்பதைவிடக் கல்லூரி வழியாகப் போவது சுலபம். ஆய்வுத் திட்டம், வழிகாட்டியின் கடிதம், குழுவினர் பட்டியல், வண்டி எண் எல்லாம் தயாராக வைத்திருங்கள். மாதக் கணக்கில் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். டிசம்பரில் வேலை தொடங்க வேண்டுமென்றால் ஜூலையில் கடிதம் போக வேண்டும்.

பிடிப்பது, காலில் அடையாள வளையமிடுவது, ரத்தம் எடுப்பது: புதியவர்கள் யோசிக்கவே வேண்டாம். பறவையைப் பிடிப்பதே அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆராய்ச்சிக்கு என்றாலும் 12-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும்.

ட்ரோன்: தீவை மேலிருந்து படம் எடுத்தால் கூட்டை எண்ணிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். யலஹங்கா விமானப் படைத் தளம், ஜக்கூர் விமானத்திடல், எச்ஏஎல் விமான நிலையம் என்று இந்த ஊரைச் சுற்றிக் கட்டுப்பாட்டு வான்வெளி. அது போக, ட்ரோன் சத்தத்துக்குத் தாய்ப் பறவை எழும்பினால் முட்டையை எடுக்கக் காகமும் பருந்தும் தயாராக இருக்கும். வேண்டாம்.

5. செலவு

8×40 அல்லது 8×42 பைனாகுலர், ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டாம், கை ஆட்டத்தில் எல்லாம் ஆடும். கையில் அழுத்தி எண்ணும் கவுண்டர் இருநூறு முந்நூறு ரூபாய், இரண்டு வாங்குங்கள். நோட்டு, பென்சில். பேனா மழையில் கரையும். டெலஸ்கோப் இருபதாயிரத்துக்கு மேல் போகும், முதல் வருஷம் தேவையில்லை. பெரிய ஏரி என்றால் அதே பணத்தை ஒரு முக்காலியிலும் பைனாகுலரை அதில் பொருத்தும் அடாப்டரிலும் போடலாம், மிச்சமும் இருக்கும். கேமரா இருந்தால் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

செயலிகளுக்குச் செலவு இல்லை. பார்த்த பறவைகளைப் பதிவேற்றும் இ-பேர்ட், இனம் கண்டுபிடிக்க உதவும் மெர்லின் இரண்டும் இலவசம்.

6. பகலில் எண்ணுவது

காலை ஏழு முதல் ஒன்பது மணி நல்ல நேரம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், அதாவது காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்ப்பது. எதிர் வெயிலில் நின்றால் மூன்று இனமும் கறுப்பு நிழல்தான்.

ஏரி முழுவதும் தெரிய எத்தனை இடத்தில் நிற்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் ஏரியின் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். மாதாமாதம் அதே இடம், அதே வரிசை, அதே நேரம். ஒரு மாதம் வேகமாக நடந்துவிட்டு அடுத்த மாதம் நிதானமாகப் பார்த்தால், மாறியது பறவையா நீங்களா என்று தெரியாது.

நீர்க்காகத்துக்கே உரிய தொல்லை ஒன்று, அது முங்கி முங்கி மீன் பிடிப்பது. ஒரு உதாரணத்துக்கு, ஒரு பறவை 20 விநாடி நீருக்குள்ளும் 10 விநாடி மேலேயும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நொடியில் பார்த்தாலும் மூன்றில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். வேகமாக ஒரு வீச்சில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கை விட்டுவிடுவீர்கள். சரி, நிறைய நேரம் பார்த்து எழுவதையெல்லாம் எண்ணலாம் என்றால், ஒன்றையே பல தடவை எண்ணுவீர்கள். நான் கடைப்பிடிப்பது இது: மரம், கம்பம், கரையில் உட்கார்ந்திருப்பவற்றை முதலில் தனியாக எண்ணிவிடுவது. நீரில் இருப்பவற்றை ஒரே பகுதியில் சில நிமிட இடைவெளியில் மூன்று முறை எண்ணி, அதிலே பெரிய எண்ணை எடுத்துக்கொள்வது. மூன்றையும் கூட்டவும் கூடாது, சராசரியும் எடுக்க வேண்டாம். சராசரி முங்கியிருப்பவற்றை இல்லாதவையாக ஆக்கிவிடும்.

கொண்டை நீர்க்காகங்கள் கூட்டமாக வளைத்து மீன் பிடிக்கும்போது இந்த முறையும் உதவாது. கூட்டம் மொத்தமாக முங்கும், மொத்தமாக எழும், முன்னால் இருந்தது பின்னால் போகும், பின்னால் இருந்தது தாவி முன்னால் வரும். காத்திருங்கள். கலைந்து போய் உட்காரும், அல்லது பறந்து எழும். அப்போது ஒரு படம் எடுத்து வீட்டில் நிதானமாக எண்ணலாம்.

பெரிய கூட்டத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது குறைத்துச் சொல்வதே மனித இயல்பு. பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கி, கூட்டத்தின் மேல் அந்த அளவை நகர்த்திக்கொண்டே போங்கள். மதிப்பீட்டை எழுதிய பிறகு படத்தில் எண்ணிப் பார்த்தால் உங்கள் கண் எவ்வளவு குறைக்கிறது என்று தெரியும்.

7. அந்தியில் எண்ணுவது

அடைய வரும் பறவைகளை எண்ணுவதுதான், என் அனுபவத்தில், இருப்பதிலேயே நம்பகமான எண்ணிக்கை. பகலில் பல ஏரிகளில் சிதறிக் கிடப்பவை ஒரே தீவுக்கு வந்து சேரும் நேரம் அது.

சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஜனவரியில் இங்கே ஆறே கால் வாக்கில் மறையும், ஜூன் மாதம் ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது. முதலில் ஏற்கெனவே மரத்தில் உட்கார்ந்திருப்பவற்றை எண்ணி எழுதுங்கள். அதன் பிறகு ஐந்து ஐந்து நிமிடக் கட்டங்களாக வருபவற்றைத் தனியாக, கிளம்பிப் போகிறவற்றைத் தனியாக எண்ண வேண்டும். வந்தவை கழித்தல் போனவை, கூட்டல் முதலில் இருந்தவை. மறைந்து இருபது நிமிடம் கழித்தும் ஒன்றிரண்டு வரும்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கண்ணை எடுக்காமல் சொல்ல, மற்றவர் எழுதலாம். தனி ஆள் என்றால் போனில் குரல் பதிவு போட்டுவிட்டு வாயால் சொல்லிக்கொண்டே இருங்கள். “தெற்கிலிருந்து ஏழு, சிறியது. மூன்று, தெரியலை. கிளம்பினது ஒன்று.” நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பழகிவிடும்.

வெளிச்சம் மங்கும்போது மேற்கு வானம் பின்னணியில் தெரிகிற மாதிரி நின்றால் கடைசி வரை உருவம் தெரியும். ஆனால் இனம் தெரியாது. அதற்காகத்தான் சீக்கிரம் போகச் சொன்னேன். நல்ல வெளிச்சத்தில் வந்தவற்றின் இன விகிதத்தை எழுதிவையுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் வந்தவற்றை அந்த விகிதப்படி பிரித்துக் காட்டினால், அது மதிப்பீடு என்று அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். அதே மரத்துக்குக் கொக்கும் அரிவாள்மூக்கனும் வரும். அரிவாள்மூக்கனும் தூரத்தில் கறுப்பாகவே பறந்து வரும். வளைந்த அலகு தெரியும் வரை எண்ணாதீர்கள்.

தெரு நாய்கள் அந்த நேரத்தில்தான் கரையில் கூட்டம் சேரும். ஆள் துணையோடு போவது எண்ணிக்கைக்கு மட்டுமல்ல, காலுக்கும் நல்லது.

8. கூடுகள்

தென்னிந்தியாவில் சிறிய நீர்க்காகம் பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் கூடு கட்டும். கொக்கு, பாம்புத்தாரா என்று மற்றவற்றோடு ஒரே மரத்தில் கலந்து கட்டும். தீவை ஒரு தாளில் வரைந்து மரங்களுக்கு எண் கொடுத்து, மரவாரியாக எண்ணுங்கள். பறவை உட்கார்ந்திருக்கும் கூடு, குஞ்சு தெரியும் கூடு, காலிக் கூடு மூன்றும் தனித்தனி. காலிக் கூட்டைச் சேர்த்து எண்ணிக்கையை ஏற்றாதீர்கள்.

முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் ஒரே கூட்டில் பெரிய குஞ்சும் பொடிக் குஞ்சும் சேர்ந்து இருக்கும். பொடிக் குஞ்சு பின்னால் காணாமல் போனால் அதை உடனே மனிதத் தொந்தரவு என்று எழுதிவிடக் கூடாது. அடைகாப்பது இரண்டிலிருந்து மூன்று வாரம், குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வர ஒரு மாதம். ஆகவே பத்து நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதுமானது. கூடுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி “மொத்தத் தொகை” என்று போடுவது பரவலாக நடக்கிறது. அந்த ஆண்டு கூடு கட்டாத பறவைகளும் இளம் பறவைகளும் அதில் வராது. “கூடு கட்டிய இணைகள்” என்று மட்டும் எழுதுங்கள்.

படகில் தீவுக்குப் போகலாம் வாருங்கள் என்று மீன் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அன்பாகவே கூப்பிடுவார்கள். போக வேண்டாம்.

9. உணவு பற்றி ஏதாவது செய்ய வேண்டுமென்றால்

ஸ்டாப்வாட்ச் போதும். ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து, பத்து முங்கல் முடியும் வரை அல்லது கண்ணைவிட்டு மறையும் வரை தொடருங்கள். எவ்வளவு நேரம் உள்ளே, எவ்வளவு நேரம் மேலே, கரையிலிருந்து எவ்வளவு தூரம், மீனோடு வந்ததா. பெரிய மீன் என்றால் அலகில் குறுக்காகக் கவ்விக்கொண்டு வரும், தூக்கிப் போட்டு ஏந்தித் தலைப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பி விழுங்கும். ஜிலேபி மீனின் முதுகு முள் மடங்கிப் போக அந்த வழிதான் சரி. பொடி மீனை நீருக்குள்ளேயே விழுங்கிவிட்டு வருவதும் உண்டு. அதனால் நீங்கள் கணக்கிடும் வெற்றி விகிதம் குறைந்தபட்ச அளவு என்றே எழுத வேண்டும்.

அடையும் மரத்தடியில் கிடக்கும் உமிழ்ந்த உருண்டைகளில் மீன் எலும்பும் செவிக்கல்லும் (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்) இருக்கும், அதை வைத்தும் ஆய்வு செய்கிறார்கள். சின்ன மீனின் செவிக்கல் வயிற்றிலேயே கரைந்துவிடும் என்ற குறை அதற்கு உண்டு. கையுறை, முகக்கவசம் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். செத்த பறவைகளைக் கண்டால் பக்கத்திலே போகாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சல் விளையாட்டு அல்ல.

மீன் ஏலம் எடுத்தவர் உங்களிடம் வந்து “இதுங்க ஒரு நாளைக்கு எவ்வளவு கிலோ தின்னும், எழுதிக் கொடுங்க சார்” என்று கேட்பார். நாளொன்றுக்கு அரைக் கிலோ என்று எங்கேயோ படித்ததை வைத்துப் பெருக்கிவிடாதீர்கள். அது ஐரோப்பாவில் பெரிய நீர்க்காகத்துக்குச் சொல்லப்படும் அளவு, அந்தப் பறவையே இரண்டு மூன்று கிலோ எடை வரும். நம் ஏரிச் சிறிய நீர்க்காகத்தின் மொத்த எடையே அரைக் கிலோ வாக்கில்தான். அப்படிப் பெருக்கிய ஒரு எண் ஒரு தடவை வெளியே போய்விட்டால், கூடு கலைக்கக் காரணமாகக் காட்டப்படும், திரும்ப வாங்க முடியாது.

10. படிவமும் பதிவேற்றமும்

ஒவ்வொரு நாளுக்கும்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, நீர்மட்டம், ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது, வலை போட்டிருந்தார்களா, படகு ஓடியதா, எண்ணியவர் யார். பறவையே இல்லாத நாளிலும் போய், பூஜ்யம் என்று எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் போகவில்லையா, போயும் பறவை இல்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. அன்று இரவே எக்செல்லில் ஏற்றி, நோட்டுப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

இ-பேர்டில் ஏற்றும்போது ஒரு கேள்வி வரும்: பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் பட்டியலிட்டீர்களா? நீர்க்காகத்தை மட்டும் எண்ணிவிட்டு அதற்கு “ஆம்” போட்டால், அன்று அந்த ஏரியில் வேறு பறவையே இல்லை என்று ஆகிவிடும். “இல்லை” போடுங்கள். அல்லது முதல் அரை மணி நேரம் எல்லாப் பறவைகளையும் முழுப் பட்டியலாக எடுத்துவிட்டு, நீர்க்காக எண்ணிக்கையைத் தனியாகச் செய்யுங்கள். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. ஏரி ஏற்கெனவே பட்டியலிடப்பட்ட இடமாக இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், புதிதாக ஒரு புள்ளி வைத்தால் தரவு சிதறிப்போகும்.

1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் வரும். அதில் உங்கள் ஏரியைச் சேர்த்துக்கொள்ள டிசம்பர் முதல் வாரத்திலேயே மாநில ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். அதே ஏரியை வேறு யாராவது எடுத்திருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். உங்கள் ஜனவரி மாத எண்ணிக்கையை அதே நாளில் வைத்துக்கொண்டால் ஒரு பயணம் மிச்சம்.